ஐம்பது மைல்

கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு அத்திப்பட்டில் நிறுத்தம் கிடையாது. 1977 மார்ச்சில் சென்னைக்கும் ஹவுராவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய வண்டி அது. அது நிற்காததுதான் என் அண்ணனுக்குப் பெருமை. "விஜயவாடா வரைக்கும் எங்கயும் நிக்காது, தெரியுமா?" என்பான். ஹாரன் சத்தத்தை வைத்தே கோரமண்டலா, ஜி.டி.யா என்று சொல்லிவிடுவான். எஞ்சின் எண்களை நாற்பது பக்க நோட்டில் குறித்து வைப்பான். இன்றைக்கும் அவனும் அவனைப் போன்ற ரயில் பிரியர்களும் கூடினால் பேச்சு அங்கேதான் போகும்: கண்ணில் விழுந்த கரித்தூள், ஸ்டேஷன் இட்லிப் பொட்டலம், விடியற்காலையில் கோதாவரிப் பாலம். எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். ஆனால் அதில் எங்கள் அம்மா இல்லை.

எண்பதுகளின் கடைசியில் அம்மா மின்சார ரயிலில் கொருக்குப்பேட்டைக்கு வேலைக்குப் போய்வந்தார். ஒருநாள் காலை அவரோடு பிளாட்பாரத்தில் நின்றேன். எக்ஸ்பிரஸ் புழுதி கிளப்பிக்கொண்டு கடந்தது. அண்ணன் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். அம்மா என் காதருகே சொன்னார்: "அந்த வண்டியில எல்லாப் பெட்டியிலயும் கக்கூஸ் இருக்கும்டி."

இந்திய ரயிலில் கழிப்பறை வந்த கதையை யாரைக் கேட்டாலும் ஒகில் சந்திர சென்னிடம் ஆரம்பிப்பார்கள். 1909ல் பலாப்பழம் தின்று வயிறு உப்பி, ஸ்டேஷனில் ஒதுங்கப்போய், வண்டியைத் தவறவிட்டு, சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு அவர் எழுதிய ஆங்கிலக் கடிதம் புகழ்பெற்றது. அவருடைய ஆங்கிலத்தைப் படித்துச் சிரிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ஏனென்றால் அந்தக் கடிதத்துக்குப் பத்தொன்பது வருடம் முன்பே சட்டத்தில் ஒரு வரி இருந்தது. 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், 64ஆம் பிரிவு. 1891 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு பயணி வண்டியிலும், கடைசி வகுப்பில், ஒரு பெட்டிப் பகுதியாவது பெண்களுக்கென்றே ஒதுக்கவேண்டும். வண்டி ஐம்பது மைலுக்கு மேல் ஓடுமானால் அதில் கழிப்பறை இருக்கவேண்டும். பெண் உடலுக்குத் தேவை உண்டு என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் ஐம்பது மைலுக்குப் பிறகு. அது கரிசனம்தானா, கண்ணியமான வீட்டுப் பெண்கள் வழியில் இறங்கி ஒதுங்கக்கூடாது என்ற கவலையா? இரண்டாவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டத்தில் எழுதியிருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒன்றல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில், மூன்றாம் வகுப்பு இன்னும் ஒழிக்கப்படாத காலத்தில் (1974ல்தான் ஒழிந்தது), என் அத்தை கைக்குழந்தையோடு ஹவுரா மெயிலில் கரக்பூர் போனார். மாமாவுக்கு அங்கே வேலை. "பொம்பளைங்க பெட்டின்னு போட்டிருந்தான். உள்ள பாதி ஆம்பளைங்க. கக்கூஸ் போற வழியெல்லாம் படுத்திருந்தானுங்க. ஓங்கோல் தாண்டினதும் தண்ணி குடிக்கிறத விட்டுட்டேன்" என்றார். தாய்ப்பால் கொடுக்கிற பெண்.

அந்த வழியில்தான் 1900ல் திறந்து 1997 வரை ரயில் ஓடிய ஹேவ்லாக் பாலம் இருக்கிறது. அண்ணனின் கூட்டத்துக்கு அது கோயில் மாதிரி. அத்தையிடம், கோதாவரியைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "பார்த்தேன். எல்லாரும் ஆத்துல காசு போட்டாங்க. நான் கக்கூஸ் ஜன்னல் வழியா துணியப் போட்டேன். அன்னைக்குத்தான் வந்துடுச்சு."

ரயில் பயண நினைவுகளை நான் தேடித்தேடிப் படிக்கிறேன். அந்தத் துணி ஒன்றிலும் இல்லை. மூன்றாம் வகுப்பின் அவலத்தைப் பற்றி 1917ல் தனியாக ஒரு பிரசுரமே எழுதிய காந்தியும், கழிப்பறையின் அசுத்தத்தைச் சொல்கிறார்; அதுவரை நடந்துபோக முடியாதவர்களைப் பற்றி அல்ல. டீசல் எஞ்சின் உறுமலை அண்ணன் பதிவு செய்து வைத்திருக்கிறான். எஞ்சினுக்குள் பெரும்பாலும் கழிப்பறை இல்லை என்பதும், சுரேகா யாதவ் 1989ல் உதவி ஓட்டுநராகச் சேர்ந்த பிறகு வந்த பெண்களெல்லாம் அதே எஞ்சினில்தான் ஏறினார்கள் என்பதும் நான் சொல்லித்தான் அவனுக்கு உறைத்தது. பாவம், கெட்டவன் இல்லை. அவனுக்கு அந்தக் கேள்வி வரவேண்டிய தேவையே இருந்ததில்லை.

1989ல் ரயில்வே சட்டம் புதிதாக எழுதப்பட்டது. பெண்களுக்கான ஒதுக்கீடு 58ஆம் பிரிவில் இருக்கிறது. ஐம்பது மைல் வரி இல்லை. நெடுந்தூர வண்டிகளில் அதற்குள் கழிப்பறை வந்துவிட்டது, தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். ஆனால் பழைய அளவுகோல் எங்கள் பாதையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ஐம்பது கிலோமீட்டருக்குள். மைல் கணக்கில் சுமார் முப்பது. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. சிக்னல் கிடைக்காமல் எண்ணூருக்கு வெளியே நிலக்கரி வண்டிக்குப் பின்னால் நின்றுவிட்டால், ஐம்பது மைல் நேரம் இங்கேயே ஆகிவிடும்.

என் வகுப்பில் கவரைப்பேட்டையிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் வருகிற மாணவிகள் இருக்கிறார்கள். முதல் பாடவேளையில் அவர்கள் தண்ணீர் பாட்டில்கள் நிரம்பியபடியே மேசைமேல் இருக்கும். பதினோரு மணி இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்வந்த பிறகுதான் மூடியைத் திறக்கிறார்கள். மாலை மூன்று மணிக்கு மறுபடி மூடிவிடுகிறார்கள்.