நிலவறையில் எழுந்த அரங்கு

நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், 135ஆம் தெருப் பொது நூலகத்தின் நிலவறை பார்வைக்கு மிக எளிய இடம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் நாடக முயற்சிகளில் இரண்டு அங்கே கருக்கொண்டன. இரண்டையும் உலைத்தது வறுமையன்று, வெற்றி. இலக்கிய அமைப்புகளை நடத்துவோர்க்கு அவ்விரு கதைகளும் அயலானவை அல்ல.

முதற்கதை ஓர் இதழிலிருந்து தொடங்குகிறது. 'தி கிரைசிஸ்' இதழின் ஆசிரியரும் பேரறிஞருமான டு போய்ஸ், இதழைச் சூழ்ந்திருந்த எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் திரட்டி 'கிரிக்வா' என்னும் நாடகக் குழுவை அமைத்தார். நூலகர் எர்னஸ்டின் ரோஸ் நிலவறையைத் திறந்துவிட்டார். வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரை எள்ளி நகையாடும் மேடை மரபு வேரூன்றியிருந்த நாடு அது. எனவே 1926இல் டு போய்ஸ் தம் அரங்கிற்கு நான்கு வரையறைகளை வகுத்தார். நாடகம் கறுப்பின மக்களின் மெய்யான வாழ்வைக் கூற வேண்டும். அவர்களே அதை எழுத வேண்டும். அவர்கள் பாராட்டையே அது நாட வேண்டும். அவர்கள் குடியிருக்கும் இடத்திலேயே அது நிகழ வேண்டும்.

1927இல் யூலலி ஸ்பென்ஸ் எழுதிய நாடகத்துடன் குழு ஒரு போட்டியில் கலந்துகொண்டு 200 டாலர் பரிசு வென்றது. அத்தொகை தயாரிப்புச் செலவிற்கென எடுத்துக்கொள்ளப்பட்டது. எழுதியவருக்கோ நடித்தவர்களுக்கோ காசு ஏதும் கிட்டவில்லை. மனம் கசந்து குழு கலைந்தது. நான்கு வரையறைகளுள் ஒன்றேனும் பணத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது கருதத்தக்கது.

பின்னர் 1935 முதல் அரசின் கூட்டாட்சி நாடகத் திட்டம் வேலையற்ற கலைஞர்க்கு ஊதியம் அளித்தது. 1939இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிதியை நிறுத்தவே, அத்திட்டத்தின் கறுப்பினப் பிரிவுகளும் ஒரே நாளில் மறைந்தன. பிறர் தரும் ஆதரவு பிறர் விருப்பம் உள்ளவரையே நிற்கும் என்பதை அப்போது கண்கூடாகக் கண்டவர்களுள் ஒருவர், அத்திட்டத்தில் நாடகப் படிகளை வாசித்துத் தேரும் பணியிலிருந்த ஏப்ரம் ஹில்.

அவரும் நடிகர் பிரெடரிக் ஓநீலும் 1940இல் 'அமெரிக்க நீக்ரோ நாடகக் குழு'வை (அக்காலத்தில் கறுப்பின மக்களே ஏற்றிருந்த சொல் அது) அதே நிலவறையில் தொடங்கினர். பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தால் 'எறும்பு' என்று பொருள்படும். பெயருக்கேற்ற உழைப்பும் இருந்தது. பகலில் வேறு தொழில் செய்தவர்கள் மாலையில் ஒத்திகைக்கு வந்தனர். நடித்தவரே காட்சியும் அமைத்தார். நட்சத்திரம் என எவரும் இல்லை. செலவும் வரவும் பொது. வெளியே நடித்துப் பொருளீட்டும் உறுப்பினர் தம் வருவாயில் நூற்றுக்கு 2 பங்கைக் குழுவிற்குத் தர வேண்டும். கிரிக்வா எழுத மறந்த ஐந்தாம் விதி இதுவே எனலாம். ஹில்லின் நாடகமொன்றோ ஹார்லெம் செல்வர்களின் போலிப் பெருமையையே நகையாடியது. தம்மவர் முன்னிலையில் தம்மவரை இடித்துரைக்கும் உரிமையும் அரங்கு தமதாகும்போதுதானே வாய்க்கும்!

குழு ஒரு பயிற்சிப் பள்ளியும் நடத்தியது. சிட்னி பாய்ட்டியே துப்புரவுப் பணி செய்து, அதற்கு ஈடாக அங்கே பயின்றார். கட்டடப் பராமரிப்பு உதவியாளராயிருந்த ஹாரி பெலஃபாண்டேயை ஈர்த்தது, குடியிருந்த ஒருவர் அன்பளிப்பாகத் தந்த நுழைவுச்சீட்டு.

1944இல் 'அன்னா லூகாஸ்டா' வந்தது. போலந்து வழிவந்த ஒரு குடும்பத்தைப் பற்றி ஃபிலிப் யோர்டன் எழுதி, ஏற்பாரின்றிக் கிடந்த நாடகம். ஹில் அதனைக் கறுப்பினக் குடும்பத்தின் கதையாக்கினார். கோடையில் நிலவறையில் அரங்கேறியது, அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பிராட்வே சென்றது. 957 முறை ஆடப்பெற்றது. ஆயினும் நூலக மேடையில் நடித்தோருள் சிலருக்கே அங்கு இடம் கிடைத்தது. குழுவிற்கு வந்த உரிமத்தொகை மிகச் சிறிது. அதன்பின் சேர வந்தவர் பலருக்குக் குழு ஒரு வீடாகத் தோன்றவில்லை. பிராட்வேக்கு ஏறும் படிக்கட்டாகத் தோன்றியது. விமர்சகரும் ஹார்லெம் நாடகத்தைப் பிராட்வேயின் அளவுகோலால் அளக்கலாயினர். 1948இல் ஹில் விலகினார்; சில ஆண்டுகளில் குழு ஓய்ந்தது. நடிகர்மீது பழி சுமத்துவது எளிது, ஆயினும் நியாயமன்று. வாழ்நாளெல்லாம் அடைத்திருந்த கதவு ஒருநாள் திறக்கும்போது நுழையாதிருக்க யாரால் இயலும்? குறை ஒப்பந்தத்தில் இருந்தது: நாடகத்தை விற்றவர்கள் குழுவிற்குரிய பங்கை உறுதி செய்யத் தவறினர்.

ஓநீல் 1964இல் அமெரிக்க மேடை நடிகர் சங்கத்தின் முதல் கறுப்பினத் தலைவரானார். 'அன்னா லூகாஸ்டா'வில் நடித்த ஆலிஸ் சில்ட்ரஸ் 1955இல் எழுதி அரங்கேற்றிய 'டிரபிள் இன் மைண்ட்', வெள்ளையர் எழுதிய பொய்யை நடிக்க மறுக்கும் ஒரு கறுப்பின நடிகையைப் பற்றியது. நாடகத்தை இதமாக மாற்றினால் பிராட்வேக்குக் கொண்டுசெல்வதாகத் தயாரிப்பாளர்கள் கூறினர். அவர் இணங்கவில்லை. 1994இல் அவர் மறைந்தார். நாடகம் 2021இல் பிராட்வே மேடை ஏறியது.