வார்டூர் தெருவிலிருந்து பனப்பாக்கம் வரை

ஊரிலிருந்து போன் வந்தால் மழை, தக்காளி விலை, காட்டிலிருந்து யானை இறங்கின கதை என்றுதான் பேச்சு ஓடும். (ராமகுப்பம் எங்கே என்று கேட்பவர்களுக்கு: சித்தூர் மாவட்டம், குப்பத்துக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தைக்குப் போனால் கன்னடமும் காதில் விழும்.) இப்போது அந்த வரிசையில் ஜாகுவாரும் சேர்ந்துவிட்டது. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸ் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். அன்றிலிருந்து டிப்ளமோ முடித்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் எல்லாம் இதே பேச்சு. தங்கச்சி மகன் கேட்கிறான்: "மாமா, நீங்க இருக்கிற பக்கத்து கம்பெனிதானே அது? ரொம்பப் பெரிய பேராமே? நம்பிப் போகலாமா?"

நான் இருப்பது இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ். இங்கே கோவென்ட்ரி சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் அப்பாவோ மாமனாரோ ஜாகுவாரில் வேலை பார்த்திருப்பார். பேர் பெரியதுதான். அது எப்படி வந்தது, எத்தனை தடவை கெட்டது, யார் யார் கைக்கு மாறியது என்பதெல்லாம் போனில் சொல்லி முடிகிற கதையாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1922-ல் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் வில்லியம் லயன்ஸ், வில்லியம் வாம்ஸ்லி என்ற இரண்டு பேர் ஆரம்பித்தது ஒரு சைடுகார் பட்டறை. மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் தொட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வருமே, அதேதான். பெயர் ஸ்வாலோ. லயன்ஸுக்கு அப்போது வயது 21. 1927-ல் ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரின் சேஸிஸை வாங்கி, அதன் மேல் அழகான உடம்பு கட்டி விற்க ஆரம்பித்தார்கள். நாமக்கல்லிலும் கரூரிலும் சேஸிஸ் வாங்கி வந்து பாடி கட்டுகிறார்களே, அந்தத் தொழில். அடுத்த வருடமே கோவென்ட்ரிக்கு இடம் மாறினார்கள்.

1931-ல் எஸ்எஸ் 1 என்று ஒரு கார் வந்தது. நீண்ட மூக்கு, படுத்த மாதிரி தாழ்ந்த கூரை. விலை 310 பவுண்டு. ஆயிரம் பவுண்டு கார் மாதிரி இருக்கிறது என்று பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. அந்த நீண்ட பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் சாதாரண எஞ்சின். (ஸ்டாண்டர்டு என்றதும் பழைய சென்னைக்காரர்களுக்கு ஹெரால்டு கார் நினைவு வரும். அதே கம்பெனிதான். அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.)

பரம்பரைப் பணக்காரர்கள் சிரித்தார்கள். 'வார்டூர் தெரு பென்ட்லி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வார்டூர் தெரு லண்டனில் சினிமாக் கம்பெனிகள் இருந்த தெரு. 'கோடம்பாக்கத்து பென்ட்லி' என்று மொழிபெயர்த்துக்கொண்டால் குத்தல் எங்கே என்று புரியும் :-)

ஆக, இன்று உயர்குடிக் கார் என்று நாம் நினைக்கிற ஒன்றுக்குப் பிறந்த வீட்டில் கிடைத்த பெயர் இதுதான். லயன்ஸ் பொறியியல் படித்தவர் இல்லை. கண்தான் அவருடைய மூலதனம். தாளில் வரைவதைவிட, முழு அளவில் தகட்டில் மாதிரி செய்யச் சொல்லி, வெளிச்சத்தில் நிறுத்தி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, இங்கே ஒரு அங்குலம் குறை, அங்கே கொஞ்சம் வளை என்பாராம். 1935-ல் காருக்கு ஜாகுவார் என்று பெயர் வந்தது. போர் முடிந்த 1945-ல், ஹிட்லரின் எஸ்எஸ் படையை ஞாபகப்படுத்துகிற எழுத்தை வைத்துக்கொண்டு யாரிடம் கார் விற்பது? கம்பெனிக்கே ஜாகுவார் என்று பெயர் மாற்றினார்கள்.

உள்ளே சரக்கு வந்தது போர்க்காலத்தில்தான். கோவென்ட்ரி மேல் ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த காலம். தொழிற்சாலையில் தீ விழுகிறதா என்று பார்க்க ராத்திரிக் காவல் முறை உண்டு. லயன்ஸும் அவருடைய பொறியாளர்களும் ஒரே ராத்திரிக்கு முறை போட்டுக்கொண்டு, உட்கார்ந்து புது எஞ்சின் பற்றிப் பேசினார்கள். அதில் பிறந்ததுதான் எக்ஸ்கே எஞ்சின். 1948-ல் எக்ஸ்கே 120 காரில் அதைக் காட்டினார்கள். பெயரிலுள்ள 120 வேகம். மணிக்கு 120 மைல், கிட்டத்தட்ட 193 கிலோமீட்டர். அடுத்த வருடம் பெல்ஜியத்தில் ஒரு நெடுஞ்சாலையில் அதையும் தாண்டி ஓட்டிக் காட்டினார்கள். அந்த எஞ்சினின் வம்சம் 1992 வரை உற்பத்தியில் இருந்தது.

பிறகு லெ மான் பந்தயம். 1951, 53, 55, 56, 57 என்று ஐந்து வெற்றிகள். (1955-ஐ யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. பார்வையாளர்கள் 80 பேருக்கு மேல் செத்த பந்தயம் அது.) 1961-ல் ஜெனிவாவில் ஈ-டைப். அப்போதைய ஆஸ்டன் மார்ட்டின் விலையில் ஏறக்குறைய பாதி. அதாவது எஸ்எஸ் 1 காலத்துத் தந்திரம்தான், ஆனால் இந்தத் தடவை பானெட்டைத் திறந்தாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. அதே காலத்து மார்க் 2 காரை வங்கிக் கொள்ளைக்காரர்களும் விரும்பினார்கள், துரத்துகிற போலீசும் விரும்பியது. இதைவிட நல்ல விளம்பரம் என்ன வேண்டும்?

இந்தப் பதினைந்து வருடச் சம்பாத்தியத்தை வைத்துத்தான் ஜாகுவார் அதற்குப் பிறகு அறுபது வருடம் சாப்பிட்டது என்பது என் அபிப்பிராயம்.

1966-ல் லயன்ஸ் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனியோடு இணைத்தார். 1968-ல் எல்லாம் சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட். (எண்ணூர் அசோக் லேலண்டில் இருக்கிற லேலண்ட் இதே லேலண்ட்தான்.) 1975-ல் அரசுடைமை ஆனது. வேலைநிறுத்தம், நிர்வாகக் குளறுபடி, துரு, ஸ்டார்ட் ஆகாத காலைகள். பிரிட்டிஷ் கார்களுக்கு மின்சார பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனிக்கு 'இருளின் இளவரசன்' என்று பெயர் வைத்துச் சிரித்த காலம். 1980-ல் தலைமைக்கு வந்த ஜான் ஈகன், பழுதுகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து வாங்குகிற பாகங்களால் வருகிறது என்று கண்டுபிடித்து சப்ளையர்களின் கழுத்தைப் பிடித்தார். 1984-ல் தனியார்மயம், 1989-ல் ஃபோர்டு.

இங்கே கொஞ்சம் சென்னைக்குப் போய் வர வேண்டும். பிரிட்டிஷ் சொகுசுக் காரைத் தமிழ்நாட்டில் செய்வது இது முதல் தடவை இல்லை. ஜாகுவாரோடு அதே லேலண்ட் குடும்பத்தில் ரோவர் என்று ஒரு அண்ணன் உண்டு. அந்த ரோவரின் எஸ்டி1 கார் 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. அதைத்தான் வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்று கொண்டு வந்தது. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய தெருவில் அது விண்கலம் மாதிரி இருந்திருக்கும். ஆனால் இங்கிலாந்தில் அந்தக் காரின் புகழுக்குக் காரணமான மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின் இங்கே வரவில்லை. பழைய வேன்கார்டு காலத்து நாலு சிலிண்டர் எஞ்சினின் வாரிசைத் தூக்கி வைத்தார்கள். நம் ரோட்டுக்காக வண்டியை உயர்த்திக் கட்டினார்கள். விலையோ எக்கச்சக்கம். 1988-ல் உற்பத்தி நின்றது, கூடவே கம்பெனியும். அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

ஃபோர்டு கதைக்கு வருவோம். ஃபோர்டு பணத்தைக் கொட்டியது, இயந்திரங்களைப் புதுப்பித்தது, தரம் ஏறியது. அதையெல்லாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 2001-ல் எக்ஸ்-டைப் என்று ஒரு காரை விட்டார்கள். அது மாண்டியோ என்ற ஃபோர்டின் சாதாரண குடும்பக் காரின் அடித்தளத்தில் கட்டியது. நான்கு சக்கர இழுவை, தோல் சீட்டு எல்லாம் இருந்தும் ஊர் வாய் மூடவில்லை. யோசித்துப் பார்த்தால் வேடிக்கை. அடுத்தவன் சேஸிஸில் பாடி கட்டித்தான் கம்பெனியே பிறந்தது! லயன்ஸ் பாதி விலையில் கொடுத்ததால் மன்னித்தவர்கள், ஃபோர்டு முழு விலை கேட்டபோது மன்னிக்கவில்லை.

2008-ல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் சேர்த்து 230 கோடி டாலருக்கு டாடாவிடம் விற்றது ஃபோர்டு. ஜாகுவாருக்கு மட்டுமே 1989-ல் அது கொடுத்தது சுமார் 250 கோடி. விற்பனை பேச்சில் இருந்தபோது, அமெரிக்க ஜாகுவார் டீலர்களின் தலைவர் ஒருவர், இந்தியர் கையில் ஒரு சொகுசுக் கார் என்பதை அமெரிக்கர்கள் ஏற்க மாட்டார்கள் என்று பத்திரிகைக்கே சொன்னார். நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்திலும் ஒருவர், இனிமேல் சீட்டில் கறி மசாலா வாசனை வருமா என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பிரிட்டிஷ் தொழிற்சங்கம் டாடாவைத்தான் ஆதரித்தது. தனியார் முதலீட்டு நிறுவனம் எதுவும் வாங்கிக் கூறு போட்டுவிடக்கூடாது என்பது அவர்கள் பயம். வேலை பார்க்கிறவனுக்கு முதலாளியின் தோல் நிறம் கடைசிக் கவலை.

1999-ல் டெட்ராய்ட்டில் ரத்தன் டாடாவை ஃபோர்டு அவமானப்படுத்தியதும், அதற்குப் பழிவாங்கவே ஜாகுவாரை வாங்கியதும் வாட்ஸப்பில் மாதம் ஒருமுறை வரும். அவமானம் நடந்ததாக டாடா அதிகாரி பிரவீண் காட்லே 2015-ல் ஒரு விழாவில் சொன்னார். பழி என்பது நாம் ஒட்டியது. வாங்கிய வருடமே உலகப் பொருளாதாரம் கவிழ்ந்து, 2008-09 நிதியாண்டில் டாடா மோட்டார்ஸ் 2,505 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. பழிவாங்க ஆசைப்படுகிறவன் இவ்வளவு விலை கொடுக்க மாட்டான். பிறகு எழுந்ததற்கு லேண்ட் ரோவர் பெரிய காரணம். ஜாகுவாரிலும் நல்ல கார்கள் வந்தன. எக்ஸ்எஃப் ஃபோர்டு காலத்திலேயே தயாரானது; எஃப்-டைப், எஃப்-பேஸ் டாடா காலத்தவை. மின்சாரக் காரான ஐ-பேஸ் 2019-ல் உலகின் சிறந்த கார் விருது வாங்கியது. 2018-ல் உலகமெங்கும் சுமார் 1.8 லட்சம் ஜாகுவார்கள் விற்றன. 2023-24-ல் அது 67 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. 2024-ல் பழைய மாடல்களை வரிசையாக நிறுத்திவிட்டு, நவம்பரில் கார் இல்லாத கார் விளம்பரம் ஒன்றைப் போட்டு, சின்னத்தையும் மாற்றி, இனி மிக விலையுயர்ந்த மின்சாரக் கார் மட்டும் என்று அறிவித்தார்கள். உலகமே கிண்டல் செய்தது. நூறு வருடத்தில் முதல் தடவையாகப் பாதி விலை வித்தையைக் கைவிட்ட முடிவு இது. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

சரி, மருமகன் கேள்வி. பேர் பெரியதா என்பதற்கு மேலே சொல்லியாயிற்று. நம்பிப் போகலாமா என்பது வேறு கேள்வி. அவனுக்கு ஜாகுவாரைவிட மறைமலை நகர்தான் உறுத்துகிறது. அங்கே இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. வாசலில் போராடிய முகங்களை எல்லோரும் டிவியில் பார்த்தோம். 2024-ல் ஃபோர்டு திரும்ப வருகிறேன் என்று கடிதம் கொடுத்தது. அதுவரை வீட்டு வாடகை காத்திருக்குமா?

பனப்பாக்கத்துக்கு அறிவித்தது 9,000 கோடி ரூபாய் முதலீடு, படிப்படியாக வருடத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி வரை, நேரடியாகவும் மறைமுகமாகவும் 5,000 வேலைகள். டாடா வண்டிகளும் ஜாகுவார் லேண்ட் ரோவர் வண்டிகளும் என்றுதான் அறிவிப்பு. எந்த மாடல் என்பதைவிட அவன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது கம்பெனி ஆளா, காண்ட்ராக்டா, சுற்றியுள்ள சப்ளையர் பட்டறையா என்பதுதான். காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் கடைசியில் ஜாகுவார் லேண்ட் ரோவர் கணினிகளுக்குள் யாரோ புகுந்துவிட, இங்கே உற்பத்தி ஒரு மாதத்துக்கு மேல் நின்றது. பிரிட்டிஷ் அரசு 150 கோடி பவுண்டு கடனுக்கு உத்தரவாதம் கொடுக்கும் அளவுக்குப் போனது. தாய்க் கம்பெனி ஆட்களுக்குச் சம்பளம் ஓடியது. முதலில் ஆள் குறைத்தது சின்னச் சின்ன சப்ளையர்கள்தான்.

கோவென்ட்ரியில் பிரவுன்ஸ் லேன் என்று ஒரு இடம். 1950-களின் ஆரம்பத்திலிருந்து ஜாகுவாரின் தாய்வீடு. ஈ-டைப் அங்கேதான் பிறந்தது. 2005-ல் அங்கே கார் கட்டுவதை ஃபோர்டு நிறுத்தியது. இடித்துத் தரைமட்டமாக்கி, லயன்ஸ் பார்க் என்று அவர் பெயரையே வைத்துத் தொழிற்பேட்டை ஆக்கினார்கள். அதில் பெரிய கட்டிடம் அமேசானின் கிடங்கு. பிரிட்டனில் அமேசான் தொழிலாளர்களின் முதல் அதிகாரபூர்வ வேலைநிறுத்தம் 2023 ஜனவரி 25-ல் அந்த வாசலில்தான் நடந்தது.