கோபுரச் சின்னமும் முகப்புப் பக்கமும் - அரசு வலைத்தளங்கள் வடிவம் பெற்ற வரலாறு

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை நேரில் பார்க்காத தமிழர்கள் நிறையப் பேர் இருக்கலாம். படத்தில் கூடப் பார்க்காதவர் இருக்க முடியாது. சாதிச் சான்றிதழில் தொடங்கி அரசாணை வரை எல்லாவற்றிலும் அது இருக்கிறது. 1949-இல் சென்னை மாகாண அரசு ஏற்றுக்கொண்ட சின்னத்தை வரைந்தவர் மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். அவர் மாதிரியாகக் கொண்டது மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேற்குக் கோபுரத்தை என்று சொல்வோரும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் அதைச் சொல்லிவிட்டுத் திரும்பி வருவது கடினம்! அதே 1949-இல்தான் பக்கத்து ஊரான ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா மாகாணத்தின் முதல்வர் ஆனார் என்பது தற்செயலான பொருத்தம்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்தச் சின்னம் காகிதத்திலிருந்து கணினித் திரைக்கு வந்தது. அரசுத் தளம் எதைத் திறந்தாலும் மேலே கோபுரம், கீழே பக்கம். மேலே இருப்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கீழே எது எந்த இடத்தில் வர வேண்டும், அதை யார் முடிவு செய்வது என்பதில்தான் கதை இருக்கிறது.

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அடங்கிய விருதுநகர் மாவட்டம் 1985-இல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 1976-இல் தொடங்கப்பட்ட தேசிய தகவலியல் மையம் நாடெங்கும் ஆட்சியர் அலுவலகங்களில் தன் பிரிவுகளை அமைத்தது. மாவட்ட வலைத்தளங்களை உருவாக்கும் வேலையும் அந்தப் பிரிவுகளிடமே வந்தது. அந்தக் காலத்துப் பக்கங்கள் எச்.டி.எம்.எல். கோப்புகள். பக்கத்தை அட்டவணைக் கட்டங்களாகப் பிரித்து, இடப்பக்கக் கட்டத்தில் பட்டியல், நடுவில் செய்தி, மேலே படம் என்று வைப்பார்கள். எழுத்தும் அமைப்பும் ஒரே கோப்பில் பின்னிக் கிடக்கும். பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டுமானால் எல்லாக் கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனால் அந்தப் பக்கத்தில் மட்டும் பழைய பட்டியலே நிற்கும்.

தமிழுக்கு இதோடு இன்னொரு சிக்கலும் இருந்தது. நாளிதழ்கள் ஆளுக்கொரு எழுத்துருவை வைத்திருந்தன. பார்ப்பவர் கணினியில் அது இல்லையென்றால் திரையில் வருவது தமிழாக இருக்காது, கிறுக்கல்தான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு தாம், தாப் என்னும் குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது. ஆயினும் அலுவலகங்களில் வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்யும் பழக்கம் நீண்ட நாள் நீடித்தது. யூனிகோடு அரசின் தரமாக ஆனது 2010-இல்தான். அதுவரை பல இடங்களில் தமிழ் எழுத்து படமாகவே பக்கத்தில் ஒட்டப்பட்டது. படமாக ஒட்டியதைத் தேட முடியாது, வெட்டி வேறிடத்தில் வைக்கவும் முடியாது.

இதற்கு மாற்று வெளியுலகில் முன்பே தொடங்கிவிட்டது. செய்தி ஒரு தரவுத்தளத்தில் இருக்கட்டும், தோற்றம் வார்ப்புருவில் இருக்கட்டும் என்பதே அதன் அடிப்படை. பிளாகர் 1999-இலும், துருபல் 2001-இலும், வேர்ட்பிரஸ் 2003-இலும் வந்தன. தமிழர்களில் பலர் இந்தப் பாடத்தை வலைப்பதிவுகள் வழியாகவே கற்றனர். 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியின் கருவிப்பட்டையைத் தம் பதிவில் சேர்க்க, ஒவ்வொருவரும் வார்ப்புருவின் நிரலுக்குள் கை வைக்க வேண்டியிருந்தது. ஓர் அடைப்புக்குறி தவறினால் பக்கம் முழுவதும் சரிந்துவிடும். 2006-இல் பிளாகர் பெட்டிகளை இழுத்து வைக்கும் வசதியைத் தந்தது. 2007-இல் வேர்ட்பிரஸும் பக்கப்பட்டிப் பெட்டிகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. அதன்பின் நிரல் தெரியாதவரும் பக்கத்தை அமைக்க முடிந்தது.

அரசு அந்த வழிக்கு வர இன்னும் பத்தாண்டு ஆயிற்று. 2009-இல் இந்திய அரசு வலைத்தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. பார்வைக் குறைபாடு உள்ளவரும் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், காலாவதியான செய்தி முகப்பில் நிற்கக்கூடாது, பழையவை காப்பகத்துக்குப் போக வேண்டும் என்றெல்லாம் அவை கூறின. சொன்னார்களே தவிர, கையால் எழுதிய எச்.டி.எம்.எல். பக்கங்களில் இதைச் செய்வது ஆகாத காரியம். 2010களின் கடைசியில் தகவலியல் மையம் எஸ்3வாஸ் என்னும் பொது மேடையைக் கொண்டுவந்து மாவட்டத் தளங்களை அதற்கு மாற்றியது. அதன் உள்ளே ஓடுவது வேர்ட்பிரஸ்தான்.

இங்கே ஓர் அறிவிப்பு எப்படிக் காட்டப்படுகிறது என்று பார்த்தால் மாற்றம் விளங்கும். ஊழியர் ஒரு படிவத்தை நிரப்புகிறார்: தலைப்பு, விவரம், தொடக்க நாள், முடிவு நாள், இணைப்புக் கோப்பு. பக்கத்தை அவர் தொடுவதே இல்லை. அதே பதிவு முகப்பில் ஒரு வரியாகவும், அறிவிப்புகள் பகுதியில் அட்டவணையாகவும் தோன்றுகிறது. முடிவு நாள் கடந்ததும் தானாகவே காப்பகத்துக்குப் போய்விடுகிறது. கைப்பேசியில் பார்த்தால் கட்டங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் எல்லா மாவட்டத்துக்கும் ஒரே இடத்தில் இருக்கிறது.

லாபம் பெரியது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்று கைமாறிப் போனது. பழைய தளம் அழகில்லாததாக இருக்கலாம், ஆனால் எதை முன்னால் வைப்பது என்பதை விருதுநகரில் இருந்தவரே முடிவு செய்தார். பொது வார்ப்புருவில் மாவட்டம், துறைகள், சுற்றுலா, அறிவிப்புகள் என்ற வரிசை முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. நீலகிரிக்கும் அதே சட்டகம், விருதுநகருக்கும் அதே சட்டகம். நகராட்சிகளிலும் இதே நிலைதான். சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இவ்விரு ஊர்களில் ஒன்று நூற்பாலை ஊர், மற்றொன்று கோயில் ஊர். அவற்றின் நகராட்சிப் பக்கங்களோ ஒரே பொது முகவரியின் கீழ் ஒரே அமைப்பில் இருக்கின்றன. ஆலை வேலை முடிந்து வருபவர் தேடுவதும், ஆண்டாள் கோயில் தேரோட்டத்துக்கு வருபவர் தேடுவதும் வேறு வேறு. சட்டகத்துக்கு அது தெரியாது.

2018 டிசம்பரில் வேர்ட்பிரஸ் 5.0 வந்தபோது பத்தி, படம், அட்டவணை ஒவ்வொன்றையும் தனித்தனிக் கட்டையாக நகர்த்தும் வசதி கிடைத்தது. தனியார் தளங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. ஆயிரக்கணக்கான ஊழியர் கைபடும் அரசு மேடையில் அத்தனை சுதந்திரம் கொடுத்தால் பழைய குழப்பமே திரும்பும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் முகப்பில் ஒரேயொரு பெட்டியையாவது அந்தந்த ஊரின் பொறுப்பில் விட்டால் குடி முழுகிப் போகாது.

சட்டகம் தீர்க்காத குறை ஒன்றும் உண்டு. படிவத்தின் தலைப்பு யூனிகோடில் இருந்தாலும், இணைக்கப்படும் கோப்பு ஸ்கேன் செய்த காகிதமாகவோ வானவில்லில் அடித்ததாகவோ இருக்கலாம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்பவர் ஒருவர் தன் ஊர்ப் பெயரைத் தேடல் பெட்டியில் இட்டால், அந்தக் கோப்பு அவர் கண்ணுக்கு வராது. கோப்பு தளத்தில்தான் இருக்கும், கோபுரச் சின்னமும் அதன் தலையில் இருக்கும்.