ஆட்டிசம்: ஐயுறும் பெற்றோரின் முதற்கடமைகள்

1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் மருத்துவர் விரிவாக விவரித்த ஆட்டிசம், மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடேயன்றி, தாயின் அன்புக் குறைவாலோ பூர்வ கர்ம பலனாலோ விளைவதன்று. தஞ்சைத் தரணியின் கிராமமொன்றில், ஒன்றரை வயதாகியும் பேர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும், வேண்டிய பண்டத்தை விரலால் சுட்டாமல் தாயின் கையைப் பற்றி இழுத்துச் சென்று அதன்மேல் வைத்தும், திண்ணையில் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குவதிலேயே லயித்தும் இருக்கும் குழந்தையைக் குறித்து, “ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும்” என்று உற்றார் கூறும் சமாதானத்தை நம்பி, குறுவை நடவு முடியட்டும், சம்பா அறுப்பு முடியட்டும் என்று மாதங்களைப் போக்குதல் ஈடுசெய்ய அரிய நஷ்டமாகும்.

கண்டவற்றைத் தேதியுடன் குறித்துக் குழந்தை மருத்துவரிடம் காட்டுதலும், செவிப்புலன் பரிசோதனையும் முதலில் அவசியம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு வந்து பார்த்து, ஐயத்துக்குரிய குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவர், கட்டணமில்லை. ஆட்டிசம்தானா என்னும் நிர்ணயம் கிடைக்கும்வரை பேச்சுப் பயிற்சியை ஒத்திவைக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை அங்கீகரித்திருத்தலின், மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கோருதல் யாசகமன்று, உரிமை. பூரண குணம் தருவதாக மருந்து விற்போரிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தல் கூடாது.