படிவத்தில் ஒரு கட்டம்: உயர்கல்வி இடங்களும் மலாக்காத் தமிழ் முஸ்லிம்களும்

சங்கத்தின் ஐம்பதாண்டு நிறைவு மலரில் தலைவர்களின் பணிகளையும் நிர்வாகக் குழுக்களின் வரலாற்றையும் பிறர் எழுதியிருக்கிறார்கள். நாம் எடுத்துக்கொண்டது நம் வீடுகளில் ஆண்டுதோறும் பேசப்படுவதும், மேடையில் அவ்வளவாகப் பேசப்படாததுமான ஒரு விஷயம். எஸ்.பி.எம். முடிவை ஒட்டிப் பிள்ளைகள் நிரப்பும் விண்ணப்பங்களில் இனத்தைக் கேட்கும் ஒரு கட்டம் இருக்கிறது. சீனர் வீட்டிலும் தோட்டத்து இந்து வீட்டிலும் அது ஒரு நொடி வேலை. நம் வீட்டில் அது ஓர் இரவுப் பேச்சு. மலாய்க்காரர் என்று குறிப்பதா, இந்தியர் என்று குறிப்பதா? அத்தா ஒன்று சொல்வார், மாமா வேறொன்று சொல்வார், பிள்ளை தூங்கப் போய்விடும்.

இந்தக் குழப்பத்துக்கு வயது அதிகம். மலாக்கா சுல்தான்களின் காலத்தில், தமிழகக் கரையிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பவரின் குடும்பம் அரச குடும்பத்தோடு மண உறவு கொண்டதையும், அவர் வழியில் வந்த துன் முத்தாஹிர் பெண்டஹாரா பதவிக்கு உயர்ந்ததையும் 'செஜாரா மெலாயு' சொல்கிறது. அவர் முடிவு துயரமானது. 1510-இல் அரச ஆணையால் கொல்லப்பட்டார். ஆனாலும் ஒரு தமிழ் முஸ்லிம் வழித்தோன்றல் மலாய் அரசின் மிக உயர்ந்த அமைச்சராக இருக்க முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. தங்கப் பட்டறைத் தெருவில் 1748-இல் மரத்தால் எழுந்து, 1872-இல் செங்கல்லால் திருப்பிக் கட்டப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரிலேயே நாம் இருக்கிறோம். (அந்தச் சொல் இன்று காதுக்கு உறுத்துகிறது. பள்ளிவாசலின் பெயரில் மட்டும் உறுத்துவதில்லை. பழக்கம்தான் காரணம்.)

பிரிட்டிஷார் மக்கள்தொகையை எண்ணத் தொடங்கியபோது நம்மை எங்கே வைப்பது என்று அவர்களுக்கும் விளங்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீரிணைக் குடியேற்றக் கணக்கெடுப்புகளில், இந்திய முஸ்லிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்களுக்கு 'ஜாவி பெக்கான்' என்று தனிப் பிரிவே இருந்தது. 1876-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'ஜாவி பெரானாக்கான்' என்ற மலாய் இதழ் இந்தச் சமூகத்தாரின் உழைப்பு. பின்னாளில் அந்தப் பிரிவு கணக்கெடுப்பிலிருந்து மறைந்தது. ஆட்கள் மறையவில்லை, சிலர் மலாய்க்காரர் கணக்கிலும் சிலர் இந்தியர் கணக்கிலும் போய்ச் சேர்ந்தார்கள்.

நகரத்துக் கதை இது. தோட்டத்துக் கதை வேறு. நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் நம் மாநிலத்தில்தான் தொடங்கியது. 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசஹான். அதன்பின் ஜாசின், மெர்லிமாவ், கெமுனிங், தெபோங், காடேக் என்று காடு அழிந்து ரப்பர் நிரை எழுந்தது. கங்காணிகள் வழியே தமிழ்த் தொழிலாளர் வந்தனர். உதவி பெற்று வரும் குடியேற்றத்தை இந்திய அரசு 1938-இல் தடை செய்யும்வரை அந்த வரத்து நின்று நின்று தொடர்ந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். நம்மவர்கள் தோட்டத்துக்குள் பால் வெட்டுவதற்குப் போனது குறைவு. கடை வைக்கவும், சைக்கிளில் துணி கட்டிக்கொண்டு லயம் லயமாக விற்கவும் போனார்கள். 'கடை பாய்' கையில் இருந்த 555 நோட்டில் லயத்து வீடுகளின் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் கடனாக எழுதப்பட்டுச் சம்பள நாளில் அடிக்கப்படும்.

இந்த வேறுபாடு பள்ளிக்கூடத்தில் பெரிதாயிற்று. தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது உண்மை. நடப்பில் அது பெரும்பாலும் ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியரும்தான். சில இடங்களில் கிராணியே வாத்தியார். கடைக்காரர் பிள்ளை பஸ் ஏறி நகருக்கு வந்து, 1826-இல் இலவசப் பள்ளியாகத் தொடங்கிய மலாக்கா உயர்நிலைப் பள்ளியிலோ, 1880-இல் தொடங்கிய செயின்ட் பிரான்சிஸிலோ ஆங்கிலம் படிக்க வாய்ப்பு இருந்தது. பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த பஸ் கட்டணமே பெரிய தொகை. 'இந்தியர்' என்ற ஒரே சொல்லுக்குள் கடைக்காரர் வீடும் லயத்து வீடும் அடங்கிவிட்டன. ஒரு சொல் இரண்டு வாழ்க்கையை மறைத்தது.

1957-இல் அரசமைப்புச் சட்டம் வந்தது. 153-ஆம் பிரிவு மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையைப் பாதுகாக்கிறது. 8-ஆம் பிரிவு சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. தொடக்கத்தில் 153-ஆம் பிரிவு அரசு வேலை, உபகாரச் சம்பளம், வணிக உரிமம் ஆகியவற்றைப் பற்றியே பேசியது. பல்கலைக்கழக இடங்களை ஒதுக்கும் அதிகாரம் 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு, 1971-இல் 8ஏ என்ற உட்பிரிவாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் புதிய பொருளாதாரக் கொள்கையும் பல்கலைக்கழகச் சட்டமும் வந்தன. மலாயாப் பல்கலைக்கழக வளாகத்தை ஆராய்ந்த மஜிட் இஸ்மாயில் குழு, மாணவர் சேர்க்கையில் நாட்டின் இன விகிதம் தெரிய வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னர் பூமிபுத்ராவுக்கு 55, மற்றவர்களுக்கு 45 என்ற கணக்கு நிலைபெற்றது.

இதை அநியாயம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. 1970-இல் தீபகற்பத்தில் மலாய்க் குடும்பங்களில் ஏறத்தாழ 65 விழுக்காடு வறுமையில் இருந்தன. இந்தியக் குடும்பங்களில் 39 விழுக்காடு, சீனக் குடும்பங்களில் 26 விழுக்காடு. அறிவியல், மருத்துவம், பொறியியல் துறைகளில் மலாய் மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். நெல் வயலிலும் மீன்பிடிக் கம்பத்திலும் பிறந்த பிள்ளைக்குக் கதவு திறக்க வேண்டிய தேவை உண்மையானது. நம் கேள்வி வேறு: கதவைத் திறந்தவர்கள் பிள்ளையின் வீட்டைப் பார்த்தார்களா, பிள்ளையின் இனத்தைப் பார்த்தார்களா? இனத்தைப் பார்த்தார்கள். வீட்டைப் பார்த்திருந்தால் அந்த 65 விழுக்காடும் உள்ளே வந்திருக்கும். 39 விழுக்காடும் வெளியே நின்றிருக்காது. அந்த 39-க்குள்தான் நம் மாநிலத் தோட்டத்து லயங்கள் இருந்தன.

இங்கேதான் 160-ஆம் பிரிவு நம் வீட்டுக்குள் நுழைகிறது. மலாய்க்காரர் யார் என்பதற்கு அது சொல்லும் இலக்கணத்தில் இரத்தம் இல்லை, நிறம் இல்லை. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய் வழக்கங்களைக் கைக்கொள்ள வேண்டும். அத்துடன் சுதந்திர நாளுக்கு முன் கூட்டரசிலோ சிங்கப்பூரிலோ வேர் இருந்தவராகவோ அவர் வழிவந்தவராகவோ இருக்க வேண்டும். மலாக்காவில் மூன்று தலைமுறை கண்ட நம் குடும்பங்களுக்கு முதலும் கடைசியும் கையில் இருக்கின்றன. நடுவில் உள்ள மொழியும் வழக்கமும்தான் கேள்வி. வீட்டில் தமிழ் பேசும் குடும்பம், அந்தப் பேச்சை விட்டுவிட்டால் கட்டம் மாறலாம். பல்கலைக்கழகச் சேர்க்கையில் பெற்றோரில் ஒருவர் முஸ்லிம் மலாய்க்காரராக இருந்தாலே தீபகற்பத்துப் பிள்ளை பூமிபுத்ராவாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே அண்ணன் மலாய்ப் பெண்ணை மணந்து, தம்பி ஊரில் பெண் எடுத்திருந்தால், ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள் இரண்டு வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே கடையில் வளர்ந்தவர்கள், ஒரே பள்ளிவாசலில் ஓதியவர்கள், மதிப்பெண்ணும் கிட்டத்தட்ட ஒன்று. அலோர்காஜாவில் இருக்கும் மாரா பல்கலைக்கழக வளாகத்துக்கு ஒருவர் விண்ணப்பிக்கலாம். மற்றவர் அதன் வாசல் வழியாக பஸ்ஸில் போகலாம்.

மலாய்க்காரர் என்று குறித்த குடும்பங்களை இங்கே குறை சொல்லவில்லை. பிள்ளையின் எதிர்காலம் ஒரு கட்டத்தில் தொங்கும்போது பெற்றோர் கையில் கிடைத்த கயிற்றைப் பிடிப்பது இயல்பு. ஆனால் மொழியை விடுவதற்கு விலை வைக்கும் ஓர் ஏற்பாட்டைப் பற்றி, தமிழ் பேசுவோரின் சங்கம் பேசாமல் இருக்க முடியாது.

2002-இல் கோட்டா நீங்கித் தகுதி முறை வந்ததாக அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பாதைகள் இருந்தன: ஒன்றரை ஆண்டு உழைக்க வேண்டிய எஸ்.டி.பி.எம்., பெரும்பாலும் ஓராண்டில் முடியும் மெட்ரிகுலேஷன். வெவ்வேறு தேர்வுகளின் மதிப்பெண்ணை ஒரே தராசில் வைத்தார்கள். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராவுக்கு, 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. ஆக, கோட்டா வாசலிலிருந்து படிக்கட்டுக்கு இறங்கிவிட்டது. 2012-இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000 ஆனபோதும் 90-க்கு 10 அப்படியே இருந்தது. 2024-இல், எஸ்.பி.எம்.மில் 10 ஏ பெற்ற எல்லா மாணவர்களுக்கும் இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் 10 பாடம் எடுக்க வசதியான பள்ளியும், மாலையில் டியூஷனும் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கின்றன? தமிழ்ப்பள்ளியிலிருந்து ரிமூவ் வகுப்பில் ஓராண்டு கழித்து வந்து, 7 ஏ எடுத்த பிள்ளை நம் பார்வையில் சிறியவர் அல்லர். மஸ்ஜித் தானாவை அடுத்த லொண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. நம் மாநிலத் தோட்டங்களிலிருந்து அது ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. தூரம் சாலையில் இல்லை.

நம் பூர்வீக ஊர்களைப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உண்டு. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர் எல்லாம் அதில் அடக்கம். அங்கே நம் உறவினர் பிள்ளையைச் சமூகத்தின் பின்தங்கிய நிலையை வைத்து எண்ணுகிறார்கள். ஆனால் அதிலும் வருமான வரம்பு இல்லாததால், கீழக்கரை ஏற்றுமதியாளர் பிள்ளையும் கடையநல்லூர் நெசவாளர் பிள்ளையும் ஒரே வரிசைதான். 2020-இல் மருத்துவ இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கியபோதுதான் பிள்ளை படித்த பள்ளியைப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 2023-இல் ஹார்வர்ட் வழக்கில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கையை உச்ச நீதிமன்றம் தள்ளியது. பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்குக் காட்டப்படும் சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. பரம்பரைச் சலுகை எங்கும் ஓசையில்லாமல் இருக்கத் தெரிந்தது.

இனி நம் சமுதாயத்தின் கோரிக்கைக்கு வருவோம். இந்திய முஸ்லிம்களுக்குப் பூமிபுத்ரா தகுதி வேண்டும் என்ற குரல் பல ஆண்டுகளாக உண்டு. 2017-இல் அன்றைய பிரதமர் நஜிப் அதை அரசு ஆராயும் என்றார். நம் கூட்டங்களில் கைதட்டல் எழுந்தது. மதத்தால் 90-க்கு அருகிலும், வம்சாவளியால் 10-க்குள்ளும் நிற்கும் நமக்கு அந்த ஆசை விளங்கக்கூடியதே. ஆனால் கேட்பதை முழுதாகக் கேட்க வேண்டும். நம் கட்டத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால், ஒரு காலத்தில் நம் 555 நோட்டில் பெயர் இருந்த வீட்டுப் பிள்ளை அதே 10-க்குள் இருப்பார். வீட்டு வருமானம், தகப்பனார் தொழில், படித்த பள்ளி ஆகியவற்றை வைத்து இடம் கொடுங்கள் என்று கேட்டால் மெர்லிமாவ் மீனவர் வீட்டு மலாய்ப் பிள்ளையும், தெபோங் தோட்டத்துப் பிள்ளையும், நம்முள் கடன்பட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர் பிள்ளையும் ஒன்றாக உள்ளே வருவார்கள். வசதி வந்துவிட்ட நம் குடும்பங்கள் பின்வரிசைக்குப் போகும். அதற்குத் தயாராக இருந்தால்தான் இந்தக் கோரிக்கையில் பொருள் இருக்கும்.

அரசு மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நம் சங்கத்தின் கல்வி நிதி உறுப்பினர்களின் நன்கொடையால் நிற்கிறது. அது ஜகாத் பணம் அன்று. ஜகாத்துக்குரிய வரையறைகள் வேறு. அதை மாநில இஸ்லாமிய சமய மன்றம் பார்த்துக்கொள்கிறது. நன்கொடையாகத் தந்த பணத்தை முஸ்லிம் அல்லாத தேவையாளருக்கும் கொடுக்கலாம் என்பதில் மார்க்க அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே அடுத்த பொதுக்கூட்டத்தில் இரண்டு விஷயங்கள் விவாதத்துக்கு வரட்டும். ஒன்று, நிதி விண்ணப்பத்தில் குடும்ப வருமானத்தை முதல் கேள்வியாக வைப்பது. மற்றது, ஆண்டுக்குச் சில இடங்களையாவது ஜாசின், அலோர்காஜா மாவட்டங்களில் தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, எந்தச் சமயத்தவராயினும், திறந்து வைப்பது. எதிர்ப்பு இருக்கும், நம்மவர் பிள்ளைகளுக்கே போதவில்லையே என்பார்கள். அந்த வாதத்தையும் கணக்கேட்டை விரித்து வைத்துக்கொண்டு பேசலாம். எஸ்.பி.எம். முடிவுக்குப் பின் விண்ணப்பத்துக்கும் மேல்முறையீட்டுக்கும் சில வாரங்களே கிடைக்கின்றன என்பதால், முடிவை அதற்கு முந்திய கூட்டத்திலேயே எடுத்தாக வேண்டும்.