வாய் பேசாத நோயாளியிடம் கற்கும் பாடம்

எம்.பி.பி.எஸ். முடித்து வரும் இளம் மருத்துவருக்கு, "என்ன செய்கிறது?" என்று நோயாளியிடமே கேட்டுப் பழக்கம். குழந்தைகள் வார்டில் அது செல்லாது. அங்கே வரலாறு சொல்வது தாய். நோயைக் காட்டுவது குழந்தையின் மூச்சும் நிறமும் அழுகையும்.

மூன்றாண்டு எம்.டி. படிப்பின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடம், மூச்சை எண்ணுவது. அழும் குழந்தைக்கு மூச்சு தானாகவே வேகமாகிவிடும். எனவே தாயின் மடியில் அது அடங்கும்வரை காத்திருந்து, சட்டையை மெல்ல உயர்த்தி, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதன்பின் ஐந்து வயதுவரை 40. இந்த அளவை எட்டினாலே வேகமான மூச்சு. இருமலோடு வந்த குழந்தையாக இருந்தால், நிமோனியாவா என்று பார்த்தாக வேண்டும். குழந்தையை அழவைக்கும் தொண்டை, காது சோதனைகள் கடைசியில்தான்.

அடுத்த பாடம் கணக்கு. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம். எட்டு கிலோ குழந்தைக்கு 120. கடையில் கிடைக்கும் சிரப்போ 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. "ஒரு ஸ்பூன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடக்கூடும்.

குழந்தை மருத்துவத் துறை நம் நாட்டில் தனித்து நிலைபெற்றது அண்மையில்தான். சென்னை எழும்பூரில் குழந்தை மருத்துவத்தை வளர்த்தெடுத்தவர் எஸ்.டி. ஆச்சார். இந்தியக் குழந்தை மருத்துவர்களின் பொது அமைப்பான இந்தியன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் உருவானது 1963-இல்.

அன்றைய மாணவர் வார்டில் பார்த்த சில நோய்களை இன்றைய மாணவர் பார்ப்பதில்லை. இந்தியாவில் காட்டு வகை போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில், ஒரு குழந்தையை. ஆனாலும் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திடீரெனக் கைகால் தளர்ந்தால், உடனே தகவல் தந்து மலப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்றும் பயிற்சியில் உண்டு. கண்ணால் காணாத நோயையும் தேடத் தெரிந்திருக்க வேண்டும்.

2020-இல் வந்த விதிப்படி, முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். பெரிய மருத்துவமனையின் வசதிகள் கைக்கெட்டாத இடத்தில் முடிவெடுக்கக் கற்க இது நல்ல வாய்ப்பு. அந்த மூன்று மாதத்தை ஆள் பற்றாக்குறையை நிரப்பும் டியூட்டிப் பட்டியலாக்காமல், நாள்தோறும் மூத்த மருத்துவர் ஒருவர் உடனிருந்து கற்பிக்க, கல்லூரிகளும் மாவட்ட மருத்துவமனைகளும் ஏற்பாடு செய்ய வேண்டும்.