கணக்கில் வராத கூட்டம்

1999-ல் கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில், பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 90,185 பேர். பெண்கள் ஆடும் ஓர் ஆட்டத்துக்கு உலகத்தில் இவ்வளவு கூட்டம் கூடியதில்லை என்று அன்று பத்திரிகைகள் எழுதின. 2022 மார்ச்சில் பார்சிலோனாவில் 91,553 பேர் வந்தார்கள். சாதனை முறிந்தது என்றார்கள். அடுத்த மாதமே அதே மைதானத்தில் 91,648. மறுபடியும் சாதனை.

1971 செப்டம்பர் 5-ந் தேதி மெக்ஸிகோ நகரத்தின் ஆஸ்டெகா மைதானத்தில் டென்மார்க் பெண்களும் மெக்ஸிகோப் பெண்களும் ஆடிய ஆட்டத்துக்கு வந்த கூட்டம் சுமார் 1,10,000 என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. அதற்கு முந்தின வருஷம் இதே மைதானத்தில்தான் பெலேயின் பிரேஸில் இத்தாலியைத் தோற்கடித்தது. அந்த இறுதி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 1,07,412. பெலேக்கு வந்த கூட்டத்துக்கு ஈடான கூட்டம் இந்தப் பெண்களுக்கும் வந்தது. அந்தக் கூட்டம் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி. ஒரு லட்சம் பேரை எப்படித் தொலைக்க முடியும்?

நான் கால்பந்து ரசிகன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். யார் எந்தக் கோலைப் போட்டார்கள் என்பதைவிட, எது பதிவாகிறது, எது பதிவாகாமல் போகிறது, அதைத் தீர்மானிப்பது யார் என்பதில்தான் எனக்குச் சிரத்தை. அந்த விதத்தில் டென்மார்க் பெண்கள் அணியின் சரித்திரத்தைப்போல் தெளிவான உதாரணம் சுலபத்தில் கிடைக்காது. இரண்டு தடவை உலகத்தை ஜெயித்துவிட்டு, அதற்கப்புறம் பிறந்த அணி அது.

டென்மார்க்கில் கால்பந்தை ஆளும் யூனியன் 1889-ல் ஏற்பட்டது. ஐரோப்பியக் கண்டத்தின் மிகப் பழைய யூனியன்களில் ஒன்று. பெண்களை அது சேர்த்துக்கொண்டது 1972-ல். இடையே எண்பத்து மூன்று வருஷங்கள். இந்த இடைக்காலத்தில் டேனிஷ் பெண்கள் ஆடாமல் இருந்துவிடவில்லை. கோபன்ஹேகனில் 1959-ல் ஃபெமினா என்ற கிளப் தோன்றியது. ஃபெமினா ஒரு பெண்கள் பத்திரிகையின் பெயர்; பத்திரிகையின் ஆதரவு, அதனால் பத்திரிகையின் பெயர். யூனியன் இவர்களைத் தன் வாசலுக்கு வெளியிலேயே வைத்திருந்தது. பிற நாடுகளில் இதற்குச் சட்டமே தேவைப்பட்டது. இங்கிலாந்தில் 1920 டிசம்பரில் லிவர்பூலில் ஒரு பெண்கள் ஆட்டத்துக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த டிசம்பரில் அங்கத்திய சங்கம் தன் உறுப்பினர்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டது. கூட்டம் வரவில்லை என்பதற்காக வந்த தடை அல்ல அது, கூட்டம் வந்த பிறகு வந்த தடை. மேற்கு ஜெர்மனி 1955-ல் தடை போட்டது. பிரேஸிலில் 1941-ல் அரசாங்க உத்தரவே வந்தது. பெண்ணின் உடம்புக்கு இந்த ஆட்டம் ஆகாது என்பது எல்லா இடத்திலும் ஒரே பல்லவி. ஒருவரை ஒருவர் கேட்காமலேயே எல்லா ஸ்தாபனங்களும் ஒரே டாக்டரிடம் போய்வந்தமாதிரி.

1970-ல் இத்தாலியில் ஒரு போட்டி நடந்தது. நடத்தியவர்கள் ஃபிஃபாவுக்குச் சம்பந்தமில்லாத, ஐரோப்பிய வியாபாரிகள் சிலர் கூடி அமைத்த சங்கம். செலவுக்கு மார்ட்டினி ரோஸி என்கிற மதுபானக் கம்பெனி. டென்மார்க்கின் சார்பில் ஃபெமினா கிளப் போயிற்று. டூரின் நகரில் இறுதி ஆட்டத்தில் சொந்த மண்ணில் ஆடிய இத்தாலியை 2-0 என்று ஜெயித்தது. அடுத்த வருஷம் மெக்ஸிகோ.

மெக்ஸிகோவில் ஆறு அணிகள். மெக்ஸிகோ, அர்ஜெண்டினா, இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, டென்மார்க். ஃபிஃபா இதை விரும்பவில்லை. மெக்ஸிகோ சங்கத்தின்மூலம் கிளப்புகளை எச்சரித்தது: மைதானம் கொடுத்தால் அபராதம். ஆனால் மெக்ஸிகோ நகரத்தின் ஆஸ்டெகாவும் குவாடலஹாராவின் ஹாலிஸ்கோவும் இந்த மிரட்டலுக்குக் கட்டுப்படாதவர்கள் கையில் இருந்தன. ஆகவே, சின்ன மைதானங்களை மூடப் போய், இரண்டு மிகப் பெரிய மைதானங்களைப் பெண்களுக்குத் திறந்துவிட்டதுதான் ஃபிஃபா செய்த காரியம். அந்தக் கூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம். தடையின் விளைவாகவே பிரம்மாண்டம் கிடைத்த விநோதம் வேறு எங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை.

டென்மார்க் அரையிறுதியில் அர்ஜெண்டினாவை 5-0 என்று வென்றது. இறுதி ஆட்டத்தில் மெக்ஸிகோவை 3-0. மூன்று கோல்களையும் போட்டவள் சூசன் ஆகஸ்டெஸன் என்ற பெண். வயது பதினைந்து. அன்று ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான ஜனத்தொகை கொண்ட ஒரு தேசத்தின் பள்ளிக்கூட வயதுப் பெண், எதிரணிக்காகக் கத்தும் ஒரு லட்சம் பேருக்கு முன் மூன்று கோல் போட்டாள். பிறகு இத்தாலிக்குப் போய் அங்கே பல வருஷங்கள் ஆடினாள். சொந்த ஊரில் ஆட்டம் சோறு போடாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்தாபனத்துக்கு வெளியே நடந்தது என்பதால் அது பரிசுத்தமாக இருந்தது என்று எண்ணத் தேவையில்லை. மெக்ஸிகோவில் கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்பு வர்ணம் அடித்தார்கள். போட்டியின் சின்னம், கையில் பந்துடன் சடை போட்ட ஒரு சிறுமிப் பொம்மை. ஆட்டத்தை விற்பதற்கு முன் பெண்ணை விற்கலாம் என்பது வியாபாரிகளின் கணக்கு. இறுதி ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன் மெக்ஸிகோ ஆட்டக்காரிகள், இவ்வளவு டிக்கெட் பணம் எங்கே போகிறது, எங்கள் பங்கு என்ன என்று கேட்டார்கள். இருபது லட்சம் பெஸோ தராவிட்டால் ஆடமாட்டோம் என்றார்கள். பணம் வரவில்லை. பணத்தாசை என்று பத்திரிகைகள் ஏசின. கடைசியில் ஆடினார்கள், தோற்றார்கள். ஆட விடாத ஸ்தாபனம் ஒருபுறம், ஆடவிட்டுக் காசை எடுத்துக்கொண்ட சந்தை மறுபுறம். இரண்டுக்கும் நடுவில் இருந்த கொஞ்ச இடத்தில்தான் அந்த மூன்று கோல்களும் விழுந்தன.

இனி நடந்ததுதான் முக்கியம். அதே 1971-ல் ஐரோப்பிய யூனியனான யூஃபா, பெண்கள் ஆட்டத்தை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உறுப்புச் சங்கங்களுக்குச் சொன்னது. தயாளமாகத் தோன்றும். ஆனால் வெளி ஆட்கள் ஒரு லட்சம் பேரைத் திரட்டிக் காட்டிக்கொண்டிருந்த காலம் அது. டேனிஷ் யூனியன் 1972-ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தன் முதல் பெண்கள் சர்வதேச ஆட்டத்தை 1974-ல், ஸ்வீடனுக்கு எதிராக ஆடியது. முதல் என்று பதிவேடு சொல்கிறது. கதவு திறந்த தேதியே பிறந்த தேதி ஆகிவிட்டது. வெளியே நிறுத்திவைத்தது வெளியில் தெரியும்; யாராவது சண்டை போடலாம். உள்ளே அழைத்துக்கொண்டு, உள்ளே வருவதற்கு முன் நீ இல்லை என்று சொல்வது அப்படித் தெரிவதில்லை. அழித்தவனுக்கே நன்றி சொல்லும்படி ஆகிவிடுகிறது.

இங்கிலாந்துப் பெண்களுக்கு நன்றி சொல்லும் நிலைகூட இல்லை. மெக்ஸிகோ போய்வந்த ஆட்டக்காரிகளுக்குச் சில மாதங்கள் தடை. அழைத்துக்கொண்டுபோன மானேஜர் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டார். அவர்களில் பலர் பல வருஷங்கள் அதைப்பற்றிப் பேசவே இல்லை. 2023-ல் வெளிவந்த கோப்பா 71 என்ற டாக்குமெண்டரியில் பழைய பிலிம் சுருள்களோடு அவர்கள் பேசுகிறார்கள். படத்தின் தொடக்கத்தில் பிராண்டி சாஸ்டெயின் என்ற அமெரிக்க ஆட்டக்காரியிடம் ஆஸ்டெகாவின் கூட்டத்தைக் காட்டுகிறார்கள். ரோஸ் பௌலில் 90,185 பேர் முன்னிலையில் கடைசிப் பெனால்டியைப் போட்டு உலகக் கோப்பையை வென்று கொடுத்தவர் அவர். தான் ஆடிய ஆட்டத்தின் சரித்திரத்தில் இப்படி ஒன்று இருந்தது அவருக்கே தெரியாது. இதற்குமேல் எனக்குச் சாட்சி வேண்டியதில்லை.

இதை உலகக் கோப்பை என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆறே அணிகள். 1970-ல் டென்மார்க் என்று போனது ஒரு கிளப். சரி, இதே அளவுகோலை மற்ற இடங்களிலும் வைத்துப் பார்க்கலாம். 1930-ல் உருகுவேயில் நடந்த முதல் ஆண்கள் உலகக் கோப்பையில் பதின்மூன்று அணிகள். தகுதிச் சுற்று கிடையாது. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் நாலே பேர். அதை யாரும் சந்தேகிப்பதில்லை. 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பிரிட்டனுக்காக ஆடியது அப்டன் பார்க் என்ற கிளப். அந்தத் தங்கப் பதக்கம் பிரிட்டன் கணக்கில்தான் இருக்கிறது. உருகுவே உலகக் கோப்பையை வென்றது இரண்டு தடவை. ஆனால் 1924, 1928 ஒலிம்பிக் வெற்றிகளையும் சேர்த்து அதன் சட்டையில் நாலு நட்சத்திரம். ஆண்களின் ஆரம்ப காலத்தின் அரைகுறைகளுக்கு முன்னோடித்தனம் என்று பெயர். பெண்களின் அரைகுறைகள் மட்டும் தகுதிக் குறைவு.

1979-ல் இத்தாலியில் ஐரோப்பியப் போட்டி ஒன்று நடந்தது. அதிலும் டென்மார்க் இத்தாலியை 2-0 என்று வென்றது. அதுவும் அதிகாரபூர்வம் அல்ல. யூஃபா தானே நடத்திய முதல் போட்டி 1984-ல் முடிந்தது. அதில் பெண்கள் ஆடியது தொண்ணூறு நிமிஷம் அல்ல, எழுபது நிமிஷம். பந்தும் ஒரு அளவு சிறியது. பதின்மூன்று வருஷம் முன் ஆஸ்டெகாவின் உயரத்தில், மூச்சுத் திணற வைக்கும் காற்றில், மூன்று கோல் போட்ட இனத்துக்கு ஸ்தாபனம் தைத்துக் கொடுத்த சட்டை இது. 1986-ல் ஃபிஃபாவின் மாநாட்டில் எல்லென் வில்லே என்ற நார்வே பெண்மணி எழுந்து, பெண்களுக்கு உலகக் கோப்பை வேண்டும் என்று கேட்டார். அந்த மாநாட்டில் பேசிய முதல் பெண் அவர். மாநாடு நடந்த ஊர் மெக்ஸிகோ நகரம். அவர் கேட்டது அதே ஊரில் பதினைந்து வருஷம் முன்பே நடந்திருந்தது. 1991-ல் சீனாவில் ஃபிஃபா தன் முதல் பெண்கள் உலகக் கோப்பையை நடத்தியது. எண்பது நிமிஷ ஆட்டங்கள். டென்மார்க் காலிறுதியில் ஜெர்மனியிடம் தோற்றது. பட்டியல் அங்கிருந்து தொடங்குகிறது.

அதற்கடுத்த வருஷம், 1992-ல், டென்மார்க் ஆண்கள் அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. தகுதி பெறாமல், யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு, போய் ஜெயித்துவந்த கதை அது. டென்மார்க்கின் தேசிய புராணங்களில் ஒன்றாகிவிட்டது. ஆகியிருக்க வேண்டியதுதான், எனக்கு ஆட்சேபணை இல்லை. அழைக்கப்படாமலே போய் உலகத்தை ஜெயித்தவர்களின் கதையும் அந்தத் தேசத்திடம் இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைக்கிறேன்.

2017-ல் டென்மார்க் பெண்கள் ஐரோப்பியப் போட்டியின் இறுதிக்கு வந்தார்கள். தொடர்ந்து ஆறு தடவை கோப்பையை வென்றிருந்த ஜெர்மனியைக் காலிறுதியில் 2-1 என்று வெளியேற்றினார்கள். இறுதியில் நெதர்லாந்திடம் 2-4 என்று தோல்வி. தேசம் கொண்டாடியது. இரண்டு மாதம் ஆகவில்லை, ஒப்பந்தத் தகராறு. எங்கள் வேலையின் நிலைமை என்ன, கூலி என்ன என்ற கேள்விகள். உடன்பாடு ஏற்படவில்லை. செப்டம்பரில் நெதர்லாந்துடன் ஆடவேண்டிய ஆட்டம் நின்றது. அக்டோபர் 20-ந் தேதி ஸ்வீடனுடன் ஆடவேண்டிய உலகக் கோப்பைத் தகுதி ஆட்டமும் நின்றது. யூஃபா ஸ்வீடனுக்கு 3-0 என்று வெற்றியை எழுதிக் கொடுத்தது. ஸ்வீடன் பிரிவில் முதலாவதாக வந்தது. இரண்டாவதாக வந்த டென்மார்க் கூடுதல் சுற்றில் நெதர்லாந்திடம் தோற்று 2019 உலகக் கோப்பைக்குப் போகவில்லை.

ஆஸ்டெகாவில் போடப்பட்ட மூன்று கோல்கள் எந்த அதிகாரபூர்வப் பட்டியலிலும் இல்லை. ஆடாத ஆட்டத்தில், யாரும் உதைக்காத மூன்று கோல்கள் இருக்கின்றன. பதிவேடு பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. தன் விதிப்படி அது உண்மையைத்தான் சொல்கிறது. விதியை எழுதியவர்களிடம் கேட்கவேண்டியது வேறு.

அந்தப் பெண்கள் இன்று எழுபதை ஒட்டியும் தாண்டியும் இருக்கிறார்கள். அங்கீகாரம் கொடுப்பதானால் இப்போதே கொடுத்துவிடலாம். அதில் எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. கொடுப்பவன் கையில் அதிகாரம் இருக்கும்வரை, கொடுத்ததும் அவன் பெருமையில்தான் சேரும். எனக்கு வேண்டியது சின்ன விஷயம். அடுத்த தடவை ஏதாவது ஒரு மைதானத்தில் தொண்ணூற்றிரண்டாயிரம் பேர் கூடி, சாதனை என்று பத்திரிகை எழுதும்போது, அதைப் படிக்கும் சிலராவது பென்சிலை எடுத்து ஓரத்தில் 1971 என்று எழுதிவைக்க வேண்டும்.